வீட்டை விட்டு நழுவும் பிள்ளைக்கு எந்தக் கருவி?

குழந்தை இருக்கும் இடத்தைக் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் எந்தக் கருவியும், குழந்தை இந்த நொடியில் நிற்கும் இடத்தைக் காட்டுவதில்லை. சற்று முன்னர் இருந்த இடத்தையே காட்டுகிறது. அந்தச் சற்று முன்னர் என்பது பத்து விநாடியா, பத்து நிமிடமா, அரை நாளா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கருவி நமக்கு உதவுமா உதவாதா என்பது தீர்மானமாகிறது. விலையும், செயலியின் அழகும், கடிகாரத்தோடு இனாமாக வரும் விளையாட்டுகளும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. என் பேரனுக்காக இப்படியொரு கருவியைத் தேட நேர்ந்தபோது, கடைகளில் இந்தக் கேள்விக்கு மட்டும் நேரான பதில் கிடைக்கவில்லை. ஆகவே, மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்த பழக்கத்தில், ஒவ்வொரு கருவியும் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, அதை எங்கள் ஊரின் அமைப்போடு பொருத்திப் பார்த்து முடிவெடுத்தேன். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேரனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. ஒரு சில சொற்களைத் தவிரப் பேச்சு இன்னும் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதும் பாராததும் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. கதவு திறந்திருந்தால் ஓசையில்லாமல் வெளியேறிவிடுவான். இதை வளர்ப்பின் குறையாக எண்ணும் உறவினர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2012ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, ஆட்டிசம் உள்ள 1,218 குழந்தைகளின் குடும்பங்களிடம் விவரம் கேட்டது. அவர்களில் 49 விழுக்காட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் இப்படி வெளியேற முயன்றிருந்தார்கள். கவலைப்படும் அளவுக்கு நெடுநேரம் காணாமல் போனவர்களில், நீரில் மூழ்கும் ஆபத்துக்கு உள்ளானவர்கள் 24 விழுக்காட்டினர். சாலையில் வண்டியில் அடிபடும் நிலைக்குப் போய் மீண்டவர்கள் 65 விழுக்காட்டினர். இத்தகைய பிள்ளைகளில் பலர் வழி தெரியாமல் அலைவதில்லை. தங்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்றை நோக்கி நேராகப் போகிறார்கள். என் பேரனுக்கு அந்த ஏதோ ஒன்று தண்ணீர்.

செட்டிநாடு வறண்ட பூமிதான். ஆனால் ஊருணி இல்லாத ஊர் இங்கே கிடையாது. மழைநீரைத் தேக்கி வைக்க முன்னோர் வெட்டிய ஊருணிகள், ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்த ஆண்டில் படிகள் மறையுமளவுக்கு நிறைந்துவிடும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து அப்படியோர் ஊருணியின் கரை ஏறக்குறைய இருநூறு மீட்டர். இப்பகுதி வீடுகளை அறிந்தவர்களுக்கு வீட்டின் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில் தொடங்கும். திறந்த முற்றத்தைச் சுற்றி அமைந்த வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எனப் பின்னோக்கி நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் போய் முடியும். முகப்புத் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குப் பின்வாசல் திறக்கும் ஓசை கேட்காது. பக்கத்து வீடுகள் பலவும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். ஆக, பிள்ளை பின்வாசல் வழியே தெருவில் இறங்கினால், “எங்கேப்பா தனியாப் போறே” என்று கேட்க ஒருவர் அங்கே இருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளை சாதாரணமாக நடந்தாலே மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அதாவது நிமிடத்துக்கு 65 மீட்டருக்கு மேல். இருநூறு மீட்டரைக் கடக்க மூன்று நிமிடம் போதும்; ஓடினால் அதில் பாதி. ஆகவே, மூன்று நிமிடத்துக்கு மேல் பழசான செய்தியைத் தரும் கருவி, ஊருணியைப் பொறுத்தவரை எங்களுக்குத் தேடுவதற்கு உதவுமே தவிரத் தடுப்பதற்கு உதவாது. ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலிலிருந்து தனக்குரிய ஆபத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு விடை சில விநாடிகளாகவே வரும்.

கணக்கைப் போட்டவுடன் தெரிந்துவிடும், முதலில் வாங்க வேண்டியது கதவில் மாட்டும் மணி என்று. அந்த மணியை இயக்கும் ரீட் சுவிட்ச் என்பது மிக எளிய பொருள். கண்ணாடிக் குழாய்க்குள் நிக்கலும் இரும்பும் கலந்த இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். காந்தம் அருகில் உள்ளவரை அவை ஒட்டியிருக்கும், காந்தம் விலகினால் பிரியும், பிரிந்தவுடன் மணி அடிக்கும். செய்தி ஒரு விநாடிகூடப் பழசாவதில்லை. செயற்கைக்கோள் வேண்டாம், சிம் அட்டை வேண்டாம், சில நூறு ரூபாய் போதும். எங்கள் பக்கத்துப் பழைய தேக்குக் கதவுகளில் இதைப் பொருத்துவதில் ஒரு தொல்லை உண்டு. கதவுக்கும் நிலைக்கும் இடையிலான சந்து பெரிது. காந்தம் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், கதவு சாத்தியிருக்கும்போதே மணி அலறும். ஆசாரியைக் கொண்டு நிலையில் ஒரு சிறு மரத்துண்டை அடித்து, அதன்மேல் காந்தத்தை ஒட்டியதும் அது சரியாகிவிட்டது. மணி ஒலிக்கும் பெட்டி கதவருகிலேயே இருக்கும் வகையை வாங்காதீர்கள். இவ்வளவு நீளமான வீட்டில் அது யாருக்கும் கேட்காது. வளவில் ஒன்றும் அடுப்படியில் ஒன்றுமாகத் தனியே மாட்டக்கூடிய வகைதான் இங்கே சரிப்படும்.

“ரெண்டு வாசலையும் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா வேலை முடிஞ்சது ஆச்சி, இதுக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு” என்று கேட்டவர்கள் உண்டு. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைப்பது நல்லது, நாங்களும் வைத்திருக்கிறோம். சாவி ஒருவரிடமும் உயிர்கள் உள்ளேயும் இருக்கும் பூட்டு வேறு. பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் தொகை 28 ஆயிற்று. ஓடிவிடுவான் என்பதற்காக ஒரு பிள்ளையைப் பூட்டி வைப்பது, கட்டி வைப்பது என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை.

கதவு மணிக்கும் எல்லை உண்டு. படைப்பு அன்று நூறு பேர் வந்து போகும் வீட்டில் மணியை யாரேனும் அணைத்து வைத்துவிடுவார்கள். அத்தனை பேர் இருக்கிறார்களே என்ற எண்ணத்தில் எல்லோரும் மற்றவர் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொள்வார்கள். பள்ளியிலும் கோயிலிலும் அந்த மணியே கிடையாது. உடம்பில் மாட்டும் கருவி அங்கேதான் தேவைப்படுகிறது. அதில் கடைகளில் கிடைப்பவை இரண்டு இனம்.

முதல் இனம், சாவிக்கொத்து போன்ற பொருள்களில் மாட்டிவிடும் ப்ளூடூத் வில்லைகள். ஆப்பிள் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த ஏர்டேக் இவற்றுள் பெயர் பெற்றது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான வலையமைப்பைக் கூகுள் 2024இல் தொடங்கியது. விலை குறைவு, மாதக் கட்டணம் இல்லை, காசு வடிவ மின்கலம் ஒன்று ஏறக்குறைய ஓராண்டு தாங்கும். பலரும் இவற்றில் ஜிபிஎஸ் இருப்பதாக நினைக்கிறார்கள், கிடையாது. வில்லைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. அது சிறு தொலைவுக்கு மட்டும் எட்டும் ஒரு குறியொலியை வானலையில் விட்டுக்கொண்டே இருக்கும். அவ்வழியே போகும் யாரோ ஒருவருடைய கைபேசி அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தை இணையத்தில் ஏற்றினால்தான் நமக்குச் செய்தி வரும். ஆகவே, செய்தி எவ்வளவு பழையது என்பதைத் தீர்மானிப்பது வில்லை அன்று, அந்தத் தெருவின் நடமாட்டம். பகல் இரண்டு மணிக்குப் பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் பின்தெருவில் ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் கடந்துபோக எவ்வளவு நேரமாகும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் இங்கே ஏராளம் என்றாலும், கூகுளின் வலையமைப்பில் ஒரு தடை இருக்கிறது. பிறரைத் திருட்டுத்தனமாகப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, மக்கள் நெருக்கமுள்ள இடங்களில், பல கைபேசிகள் ஒரே வில்லையைக் கண்டால் மட்டுமே இருப்பிடத்தைத் தெரிவிக்கும்படி அதன் இயல்பு அமைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. கைபேசிக்காரர் தம் அமைப்பில் போய் எல்லா இடங்களிலும் என்று மாற்றிக்கொள்ளலாம்; ஊரார் அத்தனை பேரும் மாற்றுவார்களா?

அதே வில்லையைச் சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டிக்கோ பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடிக்கோ கொண்டுபோனால் கதை தலைகீழாகிவிடுகிறது. திரும்பிய பக்கமெல்லாம் கைபேசி. வில்லை எழுப்பும் குறியொலியைக் கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சிம் அட்டை போட்ட கருவியோ, ஒரே கோபுரத்தில் ஆயிரக்கணக்கானோர் அழைப்பு முயலும் அந்நேரத்தில் திணறும். வில்லை கூட்டத்துக்கு ஏற்றது, வெறிச்சோடிய தெருவுக்கு ஏற்றதன்று என்பதே என் முடிவு. பட்டணத்தில் இருக்கும் தாய்மார்கள் ‘இதுவே போதும்’ என்று எழுதுவது அவர்களுக்கு உண்மைதான். அதை அப்படியே செட்டிநாட்டுச் சிற்றூருக்குக் கொண்டுவர முடியாது.

வில்லையில் வேறு இரண்டு சங்கடங்களும் உண்டு. ஏர்டேக் பொருள்களுக்கானது, ஆள்களுக்கானதன்று என்று அதைச் செய்யும் நிறுவனமே சொல்கிறது. உரிமையாளரின் கைபேசியை விட்டு நெடுநேரம் பிரிந்திருந்தால் அது தானாகவே ஒலி எழுப்பும். ஒலிக்குக் கூசும் பிள்ளைக்கு அது நரகம். பள்ளி வேன் ஓட்டுநரிடம் ஐபோன் இருந்தால், அறிமுகமில்லாத ஏர்டேக் ஒன்று உங்களோடு நகர்கிறது என்று அவருக்கு எச்சரிக்கை போகும். 2023 முதல் ஒரு வில்லையை மேலும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ள முடிவதால், குடும்பத்தாருக்கும் ஓட்டுநருக்கும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கலாம். இதைவிடப் பெரிய சங்கடம் மின்கலம். மூடியை அழுத்தித் திருப்பினால் வில்லை திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் காசு வடிவ லித்தியம் மின்கலத்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு, திருகாணி போட்டு மூடும் உறை இல்லாமல் இதை மாட்டவே கூடாது.

இரண்டாவது இனம், ஜிபிஎஸ்ஸும் சிம் அட்டையும் சேர்ந்த கருவிகள். கடிகாரமாகவும் வரும், தீப்பெட்டி அளவுப் பெட்டியாகவும் வரும். ஜிபிஎஸ் என்பது வானொலி கேட்பதைப் போன்றது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிகைகளைக் கேட்டு, அவை வந்துசேர்ந்த நேர வேறுபாட்டிலிருந்து கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் ஜிபிஎஸ்ஸால் திருப்பிப் பேச முடியாது. கணக்கிட்டதை நமக்குச் சொல்ல அதற்குக் கைபேசி வலையமைப்பு வேண்டும். ஆகவே இரண்டு இடங்களில் செய்தி தாமதமாகலாம். முதலாவது வானம். எங்கள் வீட்டுச் சுவரின் கனத்தில் செயற்கைக்கோளின் மெல்லிய குறிகை செத்துவிடும்; வளவின் திறந்த முற்றத்தில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கிறது. எனவே, வலையமைப்பின் வழியே அந்த விவரத்தை முன்கூட்டியே பெறும் வசதி இல்லாத மலிவுக் கருவி, பிள்ளை தெருவில் இறங்கி அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆன பிறகே தன் இடத்தை உணரும். இரண்டாவது, அனுப்பும் இடைவெளி. மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பல கருவிகளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் நடந்தே 650 மீட்டருக்கு மேல் போய்விடலாம். எங்கள் கணக்கில் அது ஊருணியைப் போல மூன்று மடங்குத் தொலைவு. கடைக்காரத் தம்பி “இது லைவ் டிராக்கிங் டீச்சர்” என்றால், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று கேளுங்கள். நாம் வெளியிலிருந்து கட்டளையிட்டால் பத்து விநாடி இடைவெளிக்கு உடனே மாறுமா என்றும் கேளுங்கள். அந்த வசதி இல்லாத எதையும் நான் வாங்கவில்லை.

எல்லைக்கோடு போடும் வசதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் வீட்டைச் சுற்றி வட்டமிட்டால், பிள்ளை அதைத் தாண்டும்போது கைபேசி எச்சரிக்கும் என்பார்கள். கனத்த சுவருக்குள் செயற்கைக்கோள் கிடைக்காதபோது கருவி கைபேசிக் கோபுரத்தை வைத்து இடத்தை ஊகிக்கும். அதில் சில நூறு மீட்டர் முதல் கிலோமீட்டர்வரை பிழை வரும். விளைவு, வளவில் உட்கார்ந்து சோறு உண்ணும் பிள்ளை வரைபடத்தில் ஊருணிக்கு அப்பால் நிற்பான். இப்படிப் பொய் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தால், வீட்டார் அதைக் கேளாதவர்களாகிவிடுவார்கள். மெய்யான எச்சரிக்கையும் அதோடு போகும். வட்டத்தைப் பெரிதாக்கினால் செய்தி பழசாகும். அதனால் வீட்டின் எல்லையைக் கதவு மணியிடம் ஒப்படைத்துவிட்டு, எல்லைக்கோட்டைப் பள்ளிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அங்கே ஓட்டு வகுப்பறையும் திறந்த திடலுமாக இருப்பதால் ஒழுங்காக வேலை செய்கிறது.

சிம் அட்டையில் ஏமாறுவது எளிது. இன்றும் இணையத்தில் விற்கும் மலிவான கடிகாரங்களில் பல 2ஜி மட்டுமே உள்ளவை. ஜியோ தொடக்கம் முதலே 4ஜி நிறுவனம் என்பதால் அதன் அட்டை அவற்றில் வேலை செய்யாது. 4ஜி கருவியையே வாங்குவது நல்லது. எந்த நிறுவனத்தின் அட்டை என்பதைக் கடையில் நின்று முடிவு செய்யக் கூடாது. ஊருணிக் கரையிலும் பள்ளி வாசலிலும் கைபேசியைக் கையில் பிடித்து நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ரீசார்ஜ் முடிந்த நாளில் கருவி வெறும் பெட்டிதான் என்பதால், அந்தத் தேதியை அடுப்படி நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதி வைக்கிறேன்.

மின்கலமும் அப்படியே. அடிக்கடி இடத்தைச் சொல்லும் கருவி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். மின்வேதியியல் ஆய்வுக்கென்றே 1953இல் சிக்ரி என்ற ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மின்கலத்தைக் குறை சொல்வது எனக்கே வேடிக்கையாக இருந்தாலும், குறை குறைதான். இரவில் மின்னேற்றலாம் என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் எல்லோரும் தூங்கும் நேரத்தில் விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இரவில்தான் அது உடம்பில் இருந்தாக வேண்டும். மாலையில் அவனைக் குளிக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டும் நேரமே எங்கள் வீட்டில் மின்னேற்றும் நேரம். ஒருவர் கை எட்டும் தொலைவில் அவன் இருப்பது அப்போது உறுதி.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், பிள்ளை அதை உடம்பில் விட்டுவைப்பானா என்பதுதான் மீதியை முடிவு செய்கிறது. கையில் எது பட்டாலும் பிய்த்தெறியும் பிள்ளைக்குக் கடிகாரம் ஆகாது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது இறுகும் ஆபத்துள்ளது. அதை முற்றிலும் விலக்குங்கள். வெளிநாட்டுப் பெற்றோர் காலணியின் அடித்தகட்டுக்குள் கருவியை வைக்கச் சொல்கிறார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நடமாடும் வீட்டில், வெறுங்காலோடு நழுவும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? கோயிலிலும் செருப்பு வெளியேதான் கிடக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது அரைஞாண் கயிறு. பிறந்தது முதல் இடுப்பில் இருப்பதால் அது அவனுக்கு உறுத்தலாகத் தெரிவதில்லை. திருகாணி உறையிட்ட வில்லையைச் சிறு துணிப்பையில் தைத்து அதில் கோத்துவிட்டோம். ஜிபிஎஸ் பெட்டி அதைவிடக் கனம். அதற்குக் கால்சட்டை இடுப்புப் பட்டியின் வெளிப்பக்கம், முதுகுப் புறமாக, அவன் கை எளிதில் போகாத இடத்தில் மூடியுள்ள பை தைத்தோம். உடம்பில் பெரும்பகுதி நீர் என்பதால் வானலைகளை அது உறிஞ்சிவிடும். துணிக்கு உள்ளே, தோலோடு ஒட்டி வைத்தால் குறிகை மேலும் தேயும். பள்ளிச் சீருடை, வீட்டு உடை, இரவு உடை எல்லாவற்றிலும் அந்தப் பை இருக்க வேண்டும். ஒன்றில் விடுபட்டாலும் அந்த உடையில் கருவி இல்லை என்றுதான் கணக்கு.

ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள கடிகாரங்களை நான் தொடவில்லை. நாம் அழைத்தால் பிள்ளைக்குத் தெரியாமலே சுற்றியுள்ள பேச்சு நமக்குக் கேட்கும் என்று அதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். 2017 அக்டோபரில் நார்வே நுகர்வோர் மன்றம் இத்தகைய சிறுவர் கடிகாரங்கள் சிலவற்றைச் சோதித்து, அந்நியர் அவற்றுக்குள் நுழைந்து குழந்தையின் இருப்பிடத்தையே பார்க்க முடிகிறது என்று எடுத்துக்காட்டியது; அடுத்த மாதமே ஜெர்மனி, ஒட்டுக்கேட்கும் வகைக் கடிகாரங்களை விற்கத் தடை விதித்தது. 123456 என்ற கடவுச்சொல்லோடு வரும் கருவியை வாங்கினால், பெட்டியைப் பிரித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அதை மாற்றுவது. மாற்ற வழியில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்புவது. என் பேரன் இருக்கும் இடம் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஊர் பேர் தெரியாதவனுக்கும் அது தெரிய வேண்டியதில்லை. வகுப்பறையில் மற்றக் குழந்தைகளின் பேச்சையும் ஒட்டுக்கேட்கும் கருவிக்குப் பள்ளி மறுப்புச் சொன்னால், அதில் நியாயம் பள்ளியின் பக்கம்.

தோலுக்கடியில் சிப் வைத்துவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. நாய்களுக்கு வைக்கும் அந்தச் சில்லுக்கு மின்கலமே கிடையாது. படிக்கும் கருவியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்தால் ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். உண்மையிலேயே வேறுபட்ட வழி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ‘புராஜெக்ட் லைஃப்சேவர்’ என்ற அமைப்பு 1999 முதல், வானொலி அலை வீசும் பட்டையை மணிக்கட்டில் கட்டி, பயிற்சி பெற்ற காவலர்கள் திசை காட்டும் ஆன்டெனாவைக் கையில் ஏந்தித் தேடும் முறையை நடத்துகிறது. செயற்கைக்கோளும் கைபேசிக் கோபுரமும் இல்லாமலே, கட்டடத்துக்குள் இருந்தாலும் அதைப் பிடிக்க முடிகிறது. இத்தகைய கருவிகளுக்கு அரசு நிதி கிடைக்க வழிசெய்யும் கெவின் - அவான்டே சட்டம் 2018இல் அங்கே நிறைவேறியது. இப்படி வெளியேறி உயிரிழந்த, ஆட்டிசம் உள்ள இரண்டு சிறுவர்களின் பெயர்கள் அவை. பட்டையைவிட அதன் பின்னால் நிற்கும் ஆட்களின் பயிற்சிதான் அங்கே விலைமதிப்புள்ளது.

அந்த ஆட்களை இங்கே நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாட்களிடம் முதலில் பேசினேன். சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. பெருக்குவதற்காகத் திறந்து வைத்த வீட்டுக்குள் பிள்ளை நுழைந்துவிட்டால் எந்தக் கருவியும் வாய் திறக்காது. பிறகு தெருமுனை மளிகைக்கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் இருக்கும் அண்ணன்மார், ஊருணிக் கரையில் துணி துவைக்க வருபவர்கள். பெயர் சொல்லி விரட்டிப் பிடிக்கக் கூடாது, கையை இறுக்கிப் பிடித்தால் மிரளுவான், பக்கத்தில் நின்றுகொண்டு எங்களுக்கு அழைத்தால் போதும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். காணவில்லை என்று தெரிந்த நொடியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒருவர் நேராக ஊருணிக்கு ஓட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நீருக்கடியில் போய்விட்டால் ஜிபிஎஸ்ஸும் ப்ளூடூத்தும் ஊமையாகிவிடும், நீர் புகாத கருவி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது கருவியின் உயிரைப் பற்றியது மட்டுமே. மற்றவர் அவசர உதவி எண்ணான 112க்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ அழைக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று காவல் நிலையத்தில் சொன்னால் பணிந்து திரும்ப வேண்டியதில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகவே பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் ஆணையிட்டிருக்கிறது. நீச்சலும் பழக்குகிறோம், மெதுவாகத்தான் வருகிறது.

கடைசியாக, வாங்கிய பிறகு சோதிப்பது பற்றி. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், கருவியைப் பெரியவர் ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டின் நடுவிலிருந்து புறப்பட்டு, பின்வாசல் வழியே பிள்ளையின் வேகத்தில் ஊருணிவரை நடக்க வேண்டும். மற்றொருவர் வீட்டில் கைபேசியில் புள்ளி எப்போது நகர்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுப்பகலிலும் இரவிலும், தெரு வெறிச்சோடிய நேரத்திலும் தேர்நாளிலும் செய்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். எங்கள் மருமகன் நடக்க, நான் குறித்தேன். புள்ளி அசையும் முன்பே அவர் படிக்கட்டில் நின்று கையசைத்த ஒரு கருவியை அன்றே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டோம். இப்போது இருப்பது, பத்து விநாடி இடைவெளிக்கு மாற்றிய பிறகு, அவர் பாதி வழியில் இருக்கும்போதே காட்டிவிடுகிறது.